பழியைப் பெண்ணின் தலையில் கட்டும் வைத்தியம்: கேள்வி பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். கைத்தொலைபேசியில் வந்து குவியும் உடல்நல அறிவுரைகளைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

அக்கா, எனக்கு ஏழு மாதம். வீட்டிலேயே இயற்கையாகப் பிள்ளை பெறலாம், ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றை வெட்டிவிடுவார்கள் என்று யூரியூப்பில் ஒருவர் பேசுவதை என் கணவர் காட்டுகிறார். தன் அம்மம்மா எல்லாப் பிள்ளைகளையும் வீட்டில்தானே பெற்றார் என்கிறார். (ஒட்டுசுட்டான்)

தங்கச்சி, இந்தப் பதிலைக் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 2018 ஜூலையில் தமிழ்நாட்டுத் திருப்பூரில், இணையக் காணொளிகளை நம்பி வீட்டில் பிரசவம் பார்த்ததில் இளம் ஆசிரியை ஒருவர் இரத்தப்போக்கால் இறந்தார். அடுத்த மாதமே கோயம்புத்தூரில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக அறிவித்த ஹீலர் பாஸ்கர் கைதானார். அவ்வகைப் பேச்சுக்கள் இன்னும் கடல் தாண்டி நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கின்றன.

பிள்ளை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் சில நிமிடங்களுக்குள் லீற்றர் கணக்கில் இரத்தம் போய்விடும். யாருக்குச் சுருங்காது என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. கர்ப்பப்பையைச் சுருக்கும் ஒக்சிரோசின் ஊசியும் ஏற்ற இரத்தமும் பக்கத்தில் இருக்க வேண்டுமென்பது அதனால்தான். அம்மம்மா தப்பினார், உண்மை. ஆனால் 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது பெரும்பாலும் 40க்குக் கீழே நிற்கிறது. இறந்த அம்மம்மாமாருக்குக் கதை சொல்லப் பேரப்பிள்ளைகள் இல்லை.

2009 இல் முள்ளிவாய்க்காலில் நம் பெண்கள் பதுங்குகுழிக்குள் பிள்ளை பெற்றார்கள். மருந்தில்லாமல், வெளிச்சமில்லாமல் பெற்றார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு, ஆஸ்பத்திரியை வேண்டாமென்பதுதான் பெண்ணின் வீரம் என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. பிள்ளை சுகமாகப் பிறந்தால் தங்கள் முறைக்கு வெற்றி என்பார்கள். தாய் இறந்தால் அவள் பயந்துவிட்டாள், மனவலிமை போதவில்லை என்பார்கள். பேசுபவருக்கு எந்தப் பக்கமும் நட்டமில்லை.

சத்திரசிகிச்சைப் பயம் நியாயமானது. கிளினிக்கில் ‘எனக்கு ஏன் தேவை?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்களுடைய கடமை. குறித்த நாளுக்கு முன்பே பையை ஆயத்தமாக வையுங்கள். வலி கண்டவுடன் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

கலியாணம் பேசுகிறார்கள். நிறம் போதாதாம். ரிக்ரொக்கில் ஓர் அக்கா விற்கும் கிறீமைப் பூசலாமா? (புதுக்குடியிருப்பு)

வேண்டாம் பிள்ளை. லேபிளில் என்ன கலந்தது, யார் செய்தது என்று எழுதப்படாத வெண்மைக் கிறீம்களில் பாதரசம் இருக்கக்கூடும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை தடைசெய்திருக்கிறது. அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். பூசும்வரை முகம் பளபளக்கும், நிறுத்தினால் எரிந்து சிவக்கும், அந்தப் பயத்தில் அடுத்த டப்பாவையும் வாங்குவீர்கள். நிறம் பார்த்து வருகிற மாப்பிள்ளை வீட்டாரைத் திருப்பி அனுப்புங்கள் என்று உங்கள் அம்மாவுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அப்பாவுக்குக் கிட்னி வருத்தம். நச்சு நீக்கும் மூலிகைச் சாறு கொடுக்கலாமா? (செட்டிகுளம்)

கொடுக்கவே கூடாது. கிட்னி பழுதானவருக்கு நட்சத்திரப்பழமான காமரங்காய்ச் சாறுகூட உயிராபத்து. ‘இயற்கை’ என்ற சொல் கிட்னிக்குத் தெரியாது. கிளினிக்கில் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

அரசாங்கம் மட்டும் உண்மையா சொன்னது? 2013 இல் எங்கள் பகுதியில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? கொரோனாவில் நடந்தது என்ன? (பூநகரி)

மறக்கவில்லை. 2013 ஓகஸ்ட் கடைசியில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், சரியான விளக்கம் தராமல் கட்டாயப்படுத்திக் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்று பெண்கள் முறையிட்டார்கள். சம்மதம் கேட்காமல் ஒரு பெண்ணின் உடம்பில் கைவைப்பது, எந்த உடுப்புப் போட்டவர் செய்தாலும், வன்முறை. என் தொழிலின் பெயரால் நடந்ததென்று அவர்கள் சொன்னதால் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

கொரோனாவிலும் அப்படித்தான். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து, கொரோனாவுக்கு மருந்தென்று பாணி காய்ச்சினார். சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று வந்தது. அதே காலத்தில், புதைத்தால் நோய் பரவும் என்று சொல்லி முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. 2021 பெப்ரவரி வரை அது நிற்கவில்லை. நிறுத்திய கையோடு, புதைக்கும் இடமாக உங்கள் இரணைதீவைக் காட்டினார்கள். கடற்படையிடமிருந்து போராடி மீட்ட தீவு அது. மக்கள் எதிர்த்தபின் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள். அந்த எரிப்புக்கு மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது 2024 இல்.

ஆகவே சந்தேகப்படுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் சந்தேகத்தைக் கேள்வியாக்குங்கள். என்ன ஊசி, எதற்கு, மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பதிலை எழுதி வாங்குங்கள். பிழை செய்த பணிமனையின் வாசலில் நின்று போராட முடியும், இரணைதீவு மக்கள் அதைக் காட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து காணொளி போட்டுத் தூள் விற்பவரின் வாசல் எங்கே இருக்கிறது? நம் காயத்தை அவர்கள் சந்தையாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மகள் ஆறாம் வகுப்பு. பாடசாலையில் போடும் ஊசி பிள்ளைப்பேற்றை நிறுத்தும் என்று வட்ஸ்அப்பில் வந்தது. (முல்லைத்தீவு)

நிறுத்தாது ஐயா. அது எச்.பி.வி. தடுப்பூசி, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பது. 2017 முதல் நாடு முழுவதும் எல்லா இனப் பெண்பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். இந்தப் பொய் ஆளுக்கேற்ப உடை மாற்றும். 2018 இல் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக்கடைக் கறியில் மலட்டு மாத்திரை என்று அடித்து உடைத்தார்கள். ஆய்வில் அது மாவுக்கட்டி. 2019 இல் குருநாகலில் ஷாபி என்ற முஸ்லிம் வைத்தியர் சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்றார்கள். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. நம்மிடம் வரும்போது அதே கதையில் ஆட்கள் மட்டும் மாறுகிறார்கள். ஒவ்வோர் இனமும் பெண்ணின் கர்ப்பப்பையைத் தன் எல்லைக்காணியாக நினைப்பதால் இது விலைபோகிறது. மகளுக்கு ஊசியைப் போடுங்கள்.

பெண்கள் படித்து வேலைக்குப் போனதால்தான் ஆண்மை குறைகிறது என்று ஒரு ‘ஜிம்’ அண்ணா சொல்கிறார். ஹோமோன் ஊசியும் தருகிறாராம். எனக்கு இருபத்திரண்டு வயது. (மாங்குளம்)

தம்பி, கேட்டது நல்லது. வெளியிலிருந்து டெஸ்ரெஸ்ரரோன் ஏற்றினால் உடம்பு விந்தணு செய்வதைக் குறைக்கும், நிறுத்தவும் செய்யும். அவர் விற்பது, அவர் பயமுறுத்துகிற அதே குறையைத்தான். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. ஆனால் வசைச்சொல் கேட்பது பெண் மட்டும். வேலையில்லாத கவலை, தனிமை எல்லாம் உங்களிடம் உண்மையாகவே இருக்கலாம். அவற்றுக்குப் பெண்கள் காரணமில்லை. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பேசுங்கள், அங்கே பணம் கேட்க மாட்டார்கள்.

நானும் உங்கள் தொழில்தான். தடுப்பூசி பற்றிக் காணொளி போட்டேன். ஆபாச வசைகள், என் படத்தை வெட்டி ஒட்டியும் போட்டார்கள். வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். (கிளிநொச்சி)

மகளே, இதே தகவலை ஓர் ஆண் வைத்தியர் சொன்னால் ‘பிழை’ என்பார்கள், நீங்கள் சொன்னால் நடத்தையைப் பேசுகிறார்கள். வாதத்தில் தோற்பவர்கள் செய்வது இது. எதையும் அழிக்காதீர்கள். திகதியும் இணைப்பும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். 1938 மகளிர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். பொலிஸ் பெண்கள், சிறுவர் பிரிவில் முறைப்பாடு கொடுங்கள், தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பேச்சுரிமையை நசுக்கும் என்று பலர் எதிர்க்கிறார்கள், அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆதலால் பழைய பிரிவையே முதலில் பிடியுங்கள். உடன் வேலை செய்யும் ஆண்கள் தங்கள் பெயரோடு வந்து உங்களுக்காகப் பேச வேண்டும். அவர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

இரும்புச்சத்துக் குளிசை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்குமா? (முழங்காவில்)

பிறக்காது. உங்கள் மலம் கறுக்கும், அவ்வளவுதான். பிளேன்ரீயோடு குடிக்காதீர்கள், தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள்.