ஸ்டிக்கர் இருந்தால் போதுமா?

கேள்வி: லண்டனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். கிரைண்டர் வயர் பிளக் பக்கத்தில் கிழிந்திருக்கிறது. முதலாளியிடம் சொன்னால், “டெஸ்ட் பாஸ் ஸ்டிக்கர் இருக்கிறதே” என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: முதலில் அதன் பிளக்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஸ்டிக்கர் சொல்வது சோதித்த அன்றைய நிலையை மட்டும்தான். பிரிட்டனின் 1989 பணியிட மின்சார விதிகள் ஸ்டிக்கரைக் கேட்கவில்லை, வருடத்துக்கொரு சோதனையையும் கேட்கவில்லை. ஆபத்து வராதபடி பராமரிக்கச் சொல்கின்றன. அந்தப் பொறுப்பு முதலாளியுடையது. எலக்ட்ரீஷியனாக நான் பார்த்தவரை, பல பழுதுகள் கண்ணுக்கே தெரியும்: பிளக்கில் கருகல், மேலுறை விலகி எட்டிப்பார்க்கும் நீல, பழுப்பு வயர்கள். ஆனால் எர்த் வயர் விட்டுப்போனதை மீட்டர்தான் காட்டும். ஈரத் தரையில் அந்தப் பழுது உயிரையே எடுத்துவிடும். டேப் சுற்றி ஓட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். எழுதிக் கொடுங்கள். அப்புறமும் அசையவில்லையென்றால் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லுங்கள். உணவகங்களில் பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிப்பது அவர்கள்தான்.