வீடும் வளவும் – வாசகர் கேள்வி பதில்: வாவிக்கரையில் ஒரு சங்கு வீடு

கேள்வி: கல்லடியில், வாவியைப் பார்த்தபடி 30 பேர்ச் வளவு ஒன்று எனக்கு இருக்கிறது. இருபது வருடம் கனடாவில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேரப்போகிறேன். மூலை என்பதே இல்லாமல், சங்கு போலச் சுருண்டு செல்லும் வீடு கட்ட ஆசை. வாவிப் பக்கம் முழுவதும் கண்ணாடி வேண்டும். விளக்கு, ஏசி, திரைச்சீலை, வாயிற்கதவு எல்லாம் கைபேசியால் இயங்க வேண்டும். பணம் தடையில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?
– ஒரு வாசகர், கல்லடி

பதில்: பணம் தடையில்லை என்பது வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தெரியாது. ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குவோம். கல்லடியில் நின்று வாவியைப் பார்ப்பதென்றால் மேற்கைப் பார்ப்பது. பிற்பகல் தொடங்கிப் பொழுது சாயும் வரை வெயில் உங்கள் கண்ணாடி வழியே நேராக உள்ளே இறங்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்த வெக்கையோடு வறண்ட காற்றும் சேரும். உள்ளே தொங்கும் திரைச்சீலையைக் கைபேசியால் மூடினாலும், வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைக் கடந்துவிட்டதால் ஏசியின் சுமை பெரிதாகக் குறையாது. நிழல் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். சங்கின் வாய் உதடு விரிந்திருப்பதைப் போல, எட்டடி அகலத்தில் ஒரு வளைந்த விறாந்தை முன்னே வரட்டும். தாழ்ந்த மாலை வெயில் கூரைக்குக் கீழாலும் நுழையுமாதலால், விறாந்தையின் ஓரத்தில் செங்குத்தான மரச் சட்டங்களை நிறுத்தி, அவை சூரியனின் சாய்வுக்கேற்பத் தாமாகவே திரும்பும்படி மோட்டார் பொருத்துங்கள். ஸ்மார்ட் வசதிக்கென ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை இதற்கே கொடுப்பேன்.

அந்த விறாந்தைக் கூரையை வீட்டின் பெரிய கூரையோடு ஒன்றாக இழுத்துக் கட்ட வேண்டாம். அகன்ற தாழ்வாரத்தைக் காற்று கீழிருந்து தூக்கும். 1978 நவம்பர்ச் சூறாவளியில் கூரைகள் பறந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். இரண்டும் தனித்தனியாக இருந்தால், விறாந்தைக் கூரை போனாலும் வீடு மூடியபடியே இருக்கும். வட்டமான சுவரும் நாற்புறமும் சரிந்த கூரையும் காற்றுக்கு நன்றாக ஈடுகொடுக்கும் என்பது உங்கள் ஆசைக்குச் சாதகமான செய்தி.

வளைந்த சுவரை எதனால் கட்டுவது என்பதுதான் மிகவும் யோசிக்க வேண்டிய இடம். மெக்சிகோவில் ஹவியேர் செனோசியாயின் என்னும் கட்டடக் கலைஞர் 1985இல் கட்டி முடித்த, மண்ணுக்குள் புதைந்த வளைவீடு பெரோசிமெந்தால் ஆனது. அதாவது கம்பி வலையின் மேல் சாந்து பூசி வடிவம் எடுப்பது. எந்த வளைவுக்கும் வளைந்து கொடுக்கும் முறை அது. ஆனால் வலையை மூடியிருக்கும் சாந்து மெல்லியது. கடலோரத்தில் உப்பு அதற்குள் ஊறினால் வலை துருப்பிடித்து, சாந்து பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கும். போதாக்குறைக்கு, அந்த வலை வைஃபை அலையையும் பலவீனப்படுத்துவதால், உங்கள் கைபேசி அடுத்த அறைக்குப் பேசவே தடுமாறும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் செங்கல்லுக்கே போவேன். உருகுவேயின் அத்லாந்திதா ஊரில் எலாதியோ தியெஸ்தே என்னும் பொறியியலாளர் கட்டிய தேவாலயத்தின் செங்கற்சுவர்கள் அலைபோல வளைந்து நிற்கின்றன. அது 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே வளைவு அழகுக்கு மட்டும் வந்ததல்ல, சுவருக்கு விறைப்பைத் தருவதும் அதுவே. நம் பனையோலை மடிப்பு மடிப்பாக இருப்பதால் காற்றில் துவளாமல் நிற்பதும் இதே கணக்குத்தான். சுருள் வடிவத்தை அப்படியே பிரதி எடுப்பதைவிட, இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது உங்கள் வீட்டுக்கு நல்லது.

மின்சார வேலையில், சுவர் எழும்பும் முன்பே வயர்க் குழாய்களின் பாதை வரையப்பட்டிருக்க வேண்டும்; பூசிய வளைசுவரை வெட்டித் திறப்பது பாவம். புதிய வீடாதலால் முக்கியமானவற்றை வயர் மூலமே இணையுங்கள். இப்படி வீட்டுக் கருவிகளை வயரால் இணைக்கும் கே.என்.எக்ஸ் என்னும் முறை விலை கூடியதுதான். ஆயினும் அதில் ஒவ்வொரு கருவியும் தன் வேலையைத் தானே அறிந்திருப்பதால், ஒன்று பழுதானாலும் வீடு முழுவதும் படுத்துவிடாது. இணையம் அறுந்தாலும் விளக்கு எரிய வேண்டும், கதவு சாவியாலும் திறக்க வேண்டும். காய்ந்த மணலில் புவித்தொடுப்பு (எர்த்) சரியாக வேலை செய்யாது. கம்பியை ஈரம் எட்டும் ஆழத்துக்கு இறக்கி, பிரதான பலகையில் மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் கருவியையும் போடுங்கள். வெளியே வரும் ஆணி, பிணைச்சல், பூட்டு எல்லாம் 316 தரத் துருவேறா உருக்கால் இருக்கட்டும்.

வாவியும் கரையோர வலயச் சட்டத்துக்குள் வருகிறது. படம் வரைய முன்னர் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் உங்கள் வளவைக் காட்டி விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு பழையது, நாற்சதுரமானது. 74 வயதான அம்மாவுக்காகச் சில ஸ்மார்ட் வசதிகளைச் செய்ய விரும்புகிறேன். அவருக்குக் கைபேசி பிடிக்காது.
– ஒரு வாசகி, திருக்கோவில்

பதில்: அம்மாவைக் கைபேசி பழக்க வேண்டாம் மகள். இரவில் அவர் கட்டிலை விட்டு இறங்கினால், கழிவறை வரை மங்கிய விளக்குகள் தாமாக எரியும்படி அசைவுணரிகளை முழங்கால் உயரத்தில் பொருத்துங்கள். பழைய வீடுகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் பெரும்பாலும் நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர், வந்திருக்காது. ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றுக்கு அது தேவை. ஆகவே கடைக்குப் போகுமுன் மின்வேலை தெரிந்த ஒருவரிடம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அம்மா வழக்கமாகத் தட்டும் சுவிட்ச் அதே இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: வளைந்த சுவரோடு அலுமாரி பொருந்துமா?
– ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: கடையில் வாங்கியது பொருந்தாது, பின்னால் பல்லி குடியிருக்கத்தான் இடம் கிடைக்கும். சுவர் கட்டும்போதே தட்டுகளை அதற்குள் பதித்துவிட்டு, கட்டிலுக்கு மட்டும் ஒரு நேர்ச்சுவரை விட்டுவையுங்கள்.