விருப்ப ஓய்வா, ராஜினாமாவா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெரிய நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன், வயது 51. ஆட்குறைப்பைத் தொடங்குவதற்கு முன், தாமாக விலக முன்வருவோருக்குப் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் தருவதாக நிர்வாகம் அறிவித்திருக்கிறது. இதற்கிடையே வேறோர் இடத்தில் வேலை ஏறக்குறைய உறுதியாகி, உடனே வந்து சேரும்படி சொல்கிறார்கள். ராஜினாமா செய்துவிடலாமா, இந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்கலாமா?

பதில்: விண்ணப்பித்துவிட்டுக் காத்திருங்கள், புதிய இடத்தில் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். இந்த வயதில் உங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் சில வாரத் தாமதத்துக்காகக் கைவிடுவது அரிது. நீங்கள் இழக்கப்போகும் இருபத்திரண்டு மாதச் சம்பளத்தை அவர்கள் ஈடுசெய்யப்போவதும் இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டால், பெரும்பாலான திட்டங்களில் அந்தத் தொகையைக் கோர முடியாது.

ஆனால் விண்ணப்பித்தவுடன் பணம் கைக்கு வந்துவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். இத்தகைய திட்டத்தில் விண்ணப்பம் என்பது ஊழியரின் வேண்டுகோள் மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் நிர்வாகத்தின் விருப்பம் என்று அறிவிப்பில் எங்காவது ஒரு வரி இருக்கும். வெளியே எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களே முதலில் விண்ணப்பிப்பார்கள் என்பதும், நிறுவனம் இழக்க விரும்பாதவர்களும் பெரும்பாலும் அவர்களே என்பதும் நிர்வாகம் அறிந்ததுதான். எனவே தேவையான ஆட்களின் விண்ணப்பங்கள் மறுக்கப்படுவது உண்டு. (அதைப் பாராட்டாகக் கொள்வதா, நஷ்டமாகக் கொள்வதா என்பது அவரவர் மனநிலையைப் பொறுத்தது.) மறுத்தால் அப்போது ராஜினாமா செய்யலாம், கடிதம் கொடுத்த பின்னும் பணியில் இருக்க வேண்டிய அறிவிப்புக் காலத்தையும் கணக்கிட்டுப் புதிய இடத்தில் தேதி பேசி வைத்திருந்தால் உங்களுக்குப் பெரிய இழப்பு இல்லை.

ஏற்புக் கடிதத்துடன், இனி நிறுவனத்தின் மீது எந்த உரிமையும் கோர மாட்டேன் என்ற ஒப்பந்தமும் கையெழுத்துக்கு வரக்கூடும். அன்றைக்கே கையெழுத்திடச் சொன்னாலும் வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குழுவாக ஆட்களை விலக்கும் திட்டங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் வயதுப் பாகுபாடு குறித்த உரிமையை விட்டுக்கொடுக்கக் கையெழுத்திடுவதென்றால், யோசிக்க 45 நாள்களும், கையெழுத்திட்ட பின் மனம் மாறினால் விலகிக்கொள்ள 7 நாள்களும் தரப்பட வேண்டும். பிரிட்டனில் சுயேச்சையான ஆலோசகரைக் கலந்துகொள்ளாமல் போடப்பட்ட இத்தகைய சமரச ஒப்பந்தம் செல்லாது. இந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்திலும் அவகாசம் கேட்பதில் தவறில்லை. போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்பதை, அடுத்த வேலை கையில் இருக்கும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, பணியை விட்ட பிறகும் தொடரும் அத்தகைய தடை பொதுவாகச் செல்லாது. வேறு பல நாடுகளில் செல்லும்.

கடைசிப் பணிநாள் எது என்பதும் முக்கியம். ஆண்டு ஊக்கத்தொகை வழங்கப்படும் நாளிலோ, ஊழியர் பங்குகள் உங்களுக்கு உரிமையாகும் நாளிலோ பணியில் இருந்தாக வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ஒரு வார வித்தியாசத்தில் கணிசமான தொகை கைநழுவலாம். வரியையும் கழித்துப் பாருங்கள். பிரிட்டனில் பணியிழப்பு ஈட்டுத்தொகையில் முதல் 30,000 பவுண்டுக்கு வரி இல்லை. இந்தியாவில் விருப்ப ஓய்வுத் தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு என்றாலும், அதே நிர்வாகத்தைச் சேர்ந்த வேறு நிறுவனத்தில் அந்த ஊழியரைப் பணியில் அமர்த்தக் கூடாது என்பது உள்ளிட்ட நிபந்தனைகள் இருக்கின்றன.

கேள்வி: எப்படிப் போனாலும் வேலையை விடுவதுதானே? விருப்ப ஓய்வுக்கும் ராஜினாமாவுக்கும் உண்மையில் வேறுபாடு உண்டா?

பதில்: உண்டு; சில சமயம் ஓய்வூதியமே அதைப் பொறுத்து அமையும். மின்விநியோக நிறுவனம் ஒன்றின் வழக்கில், ராஜினாமா செய்த ஊழியர் தம் நீண்ட பணிக்காலத்தைக் காட்டி ஓய்வூதியம் கோரினார். ராஜினாமாவும் விருப்ப ஓய்வும் வெவ்வேறானவை என்றும், அவருக்குப் பொருந்தும் விதிகளின்படி ராஜினாமா செய்தவர் முந்தைய பணிக்காலத்தின் பலனை இழக்கிறார் என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில், தக்க காரணமின்றித் தாமாக வேலையை விட்டவருக்கு வேலையிழப்பு உதவித்தொகை பொதுவாக 12 வாரங்களுக்கு நிறுத்தப்படும். நிர்வாகத்துடன் உடன்பட்டு விலகுவோருக்கும் இது நேரலாம். ஆகவே தொகையைப் பேசும்போதே, விலகல் எந்த வகையில் பதிவாகும் என்பதையும் பேசிவிட வேண்டும்.

கேள்வி: எனக்கு 55 வயது. பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இப்போதே விலகினால் ஓய்வூதியம் குறையுமா?

பதில்: வேலையை விடும் நாளும் ஓய்வூதியத்தைப் பெறத் தொடங்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, பலர் இரண்டையும் சேர்த்து நினைத்தே நஷ்டப்படுகிறார்கள். இந்தியாவின் 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், பத்தாண்டு பணிக்காலம் உள்ளவர் 50 வயதுக்குப் பின் முன்கூட்டியே ஓய்வூதியம் பெறலாம். ஆனால் 58 வயதுக்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 4 சதவீதம் குறைக்கப்படும். அமெரிக்காவில் 1960 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் 67 வயதுவரை காத்திராமல் 62 வயதில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைத் தொடங்கினால் 30 சதவீதம் குறையும். இந்தக் குறைப்பு ஆயுள் முழுவதும் நீடிக்கும். எனவே, விலகும்போது கிடைக்கும் தொகை இடைப்பட்ட மூன்று ஆண்டுகளின் குடும்பச் செலவைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்குமென்றால் இப்போது விலகி, ஓய்வூதியத்தை உரிய வயதில் தொடங்கலாம். அந்தச் செலவில், இதுவரை நிறுவனம் கட்டிவந்த மருத்துவக் காப்பீட்டுத் தவணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலானோர் மறப்பது அதைத்தான்.

கேள்வி: விலகல் கடிதத்தில் காரணம் எழுத வேண்டுமா?

பதில்: சாதாரண ராஜினாமா என்றால் தேவையில்லை, கடைசிப் பணிநாளைக் குறிப்பிட்டால் போதும். மனக்குறைகளைக் கொட்ட அது இடமன்று. திட்டத்தின் கீழ் விலகுபவர் மட்டும் வழக்கமான ‘சொந்தக் காரணங்களால்’ என்ற தொடரைத் தவிர்த்து, நிர்வாகம் இன்ன தேதியில் அறிவித்த இன்ன திட்டத்தின்படி விலகுவதாகவே எழுத வேண்டும். பணி விடுவிப்புக் கடிதத்திலும் அதே விவரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.