பதில்: ஜெர்மனியில் முதல் பருவம், வகுப்பில் ஒன்ற முடியவில்லை

தம்பி, வணக்கம். கோபியிலிருந்து ஜெர்மனிக்கு முதுநிலைப் படிப்புக்குச் சென்று ஒரு மாதமாகியும் யாருடனும் பழக முடியவில்லை என்றும், வகுப்பில் தேர்வே வைக்காததால் படிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விளங்கவில்லை என்றும், மஞ்சள் விற்ற பணத்தை அப்பா வீணாக்கிவிட்டாரோ என அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

படிப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நம் கோவை, பெருந்துறைக் கல்லூரிகளில் உள்ளதுபோல் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் அங்கே பல பாடங்களில் கிடையாது. அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்தில் ஒரு பாடத்தின் மதிப்பெண் முழுவதும் பிப்ரவரியை ஒட்டி நடக்கும் ஒரே தேர்வில் அடங்கிவிடக்கூடும் என்பதால், இப்போதைய அமைதியை ஓய்வுக்காலமாக எண்ண வேண்டாம். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. பல பல்கலைக்கழகங்களில் பின்னதற்குத் தனிக் கடைசி நாள் உண்டு. அதை இந்த வாரமே துறை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரிவுரைக்குப் பின் நடக்கும் பயிற்சி வகுப்புகளை விடாதீர்கள். பயிற்சித்தாளின் கணக்குகளை இருவர் மூவராகச் சேர்ந்து போடும்போதுதான் அந்நாட்டு மாணவர்களிடம் பேச்சு தானாகத் தொடங்கும். அவர்கள் வலிய வந்து பேசாதது வெறுப்பினால் அன்று.

ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி இருந்தாலும், முடக்கக் கணக்கிலிருந்து (விசாவுக்காக முன்பே பணம் போட்டு, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) மாதப் பணம் வந்துகொண்டிருக்கும்வரை, முதல் பருவத்தில் வேலை வேண்டாம் என்பதே என் கருத்து.

நவம்பரில் நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். எனவே பகலில் அறையைவிட்டு வெளியே வாருங்கள். மனச்சோர்வு நீடித்தால் மாணவர் நலச் சேவையின் ஆலோசகரைச் சந்தியுங்கள். அதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அப்பாவிடமும் நடப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.