குவாரி ஓரத்து மனைக்கு பி.எஃப். பணத்தைக் கொட்டலாமா?

கேள்வி: அக்கா, எங்களுக்குச் சொந்த ஊர் தர்மபுரி பக்கம். ஆறு வருடமாக ஆந்திராவில் குப்பம் டவுன் அருகே கிரானைட் குவாரியின் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் கம்ப்ரசர் ஓட்டுகிறார், வயது 36. இரண்டு பெண்கள், ஒன்பது வயது, ஆறு வயது. குவாரிக்குப் பக்கத்திலேயே இரண்டு சென்ட் மனை 3.5 லட்சத்துக்கு வருகிறது. ‘டி.கே.டி. பட்டாதான், பயமில்லை’ என்கிறார்கள். பி.எஃப்.பில் 2.1 லட்சம் இருக்கிறது. மீதிக்கு என் ஆரத்தை அடகு வைக்கலாம் என்கிறார். எத்தனை நாள்தான் ‘எங்கிருந்தோ வந்தவர்கள்’ என்ற பேச்சைக் கேட்பது? சொந்தமாக ஒரு கூரை வேண்டும். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. உங்கள் கடைசி வரிகளைப் படித்தபோது மனசு கனத்துப் போனது. ஆனாலும் இந்த மனை வேண்டாம்.

முதலில் அந்தப் பட்டாவைப் பார்ப்போம். டி.கே.டி. என்பது நிலமில்லாத ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலம். அதைக் கைமாற்றக் கூடாது என்று ஆந்திராவில் 1977-லேயே சட்டம் வந்துவிட்டது. பிற்பாடு சில தளர்வுகள் செய்தார்கள். இந்த மனை அதில் சேருமா என்பதை விற்கிறவர் சொல்லை நம்பி முடிவு செய்யாதீர்கள். சர்வே நம்பரை வாங்கிக்கொண்டு சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போய், பத்திரப் பதிவுக்குத் தடையுள்ள நிலங்களின் ‘22-ஏ’ பட்டியலில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பத்திரம் பதிவாகாது. ‘வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்ளலாம்’ என்பார்கள். அந்தக் காகிதம் உங்களுக்கு எந்த உரிமையும் தராது.

சரி, பட்டா சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் தாய்மாமா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பம். லைன் வீட்டோடு சேர்த்து சமையலறை, திண்ணை, பின்னால் ஓர் அறை என்று கைக்காசையெல்லாம் போட்டு இழுத்துக் கட்டினார். வீடு அவர் பேரில் இல்லை. சுரங்கம் இருக்கும்வரை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தார். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடியது. சம்பளம் நின்ற அன்றே, சேமிப்பு முழுக்க விற்க முடியாத சுவராக நின்றது. கிரானைட் குவாரி அதைவிடச் சீக்கிரம் நிற்கக் கூடியது. குத்தகை முடியலாம், நல்ல கல் தீர்ந்துபோகலாம், ஏற்றுமதி ஆர்டர் படுத்துவிடலாம். நின்றுபோன குவாரிப் பக்கம் மனை கேட்டு யார் வருவார்கள்?

பி.எஃப். அப்படியில்லை, நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். யூ.ஏ.என். என்ற பி.எஃப். நம்பர் ஒன்றுதான்; ஆந்திராவை விட்டு ஓசூருக்கு வேலை மாறினாலும் கணக்கை அங்கே மாற்றிக்கொள்ளலாம். பலர் வேலையை விட்ட பிறகு கணக்கை முடித்துப் பென்ஷன் பங்கையும் எடுத்துவிடுகிறார்கள். அப்போது அதுவரை செய்த சர்வீஸ் கணக்கில் இல்லாமல் போகிறது. பத்து வருடம் சேர்ந்தால்தான் 58 வயதில் பென்ஷன். உங்கள் வீட்டுக்காரருக்கு ஆறு முடிந்திருக்கிறது, இன்னும் நாலு. இடையில் விடாமல் 58 வரை போனால், 15,000 சம்பளத்துக்கு இன்றைய கணக்குப்படி மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் வரும். பணியில் இருக்கும்போது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் (சொல்லவே கூடாது, ஆனால் குவாரி வேலை) பி.எஃப்.போடு சேர்ந்த இன்சூரன்சில் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். நாமினியாக யார் பேர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அவர் அம்மா பேரைக் கொடுத்திருந்தால் அது செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும்.

கல்தூசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தத் தூசியால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எங்கே, எத்தனை வருடம் தூசியில் வேலை செய்தார் என்று காட்டக் காகிதம் வேண்டும். சம்பளச் சீட்டு, எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். இருமல் நிற்கவில்லை என்றால் காசநோய் மருந்தோடு விட்டுவிடாமல், கல்குவாரி வேலை என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆரத்தை 1.4 லட்சத்துக்கு அடகு வைத்தால், மாதம் ஒரு சதவீத வட்டி என்றாலே 1,400 ரூபாய் போகும். அதையே மாதாமாதம் கட்டும் தபால் ஆபீஸ் சேமிப்பான ஆர்.டி.யில் போடுங்கள். கூரை ஆசையை நான் தள்ளிவிடவில்லை. வாங்குவதாக இருந்தால் குப்பம் டவுனுக்குள், ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். மெடிக்கல் காலேஜ், திராவிடப் பல்கலைக்கழகம் என்று கல்லை நம்பாத வேலைகளும் அங்கே இருப்பதால் வாடகைக்கு ஆள் கிடைக்கும். மூன்று நான்கு வருடம் பொறுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் பொறுக்க முடியாது. செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெண்ணுக்குப் பத்து வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும். வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும், எந்த ஊர் தபால் ஆபீசுக்கும் மாற்றிக்கொள்ளலாம். பெரியவளின் பிறப்புச் சான்றிதழ் ஊரில் மாமியார் வீட்டுப் பெட்டியில் இருந்தால் இந்த வாரமே ஆள் அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள்.