ஆறு லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

லாரி மோதி இறந்த அத்தானுக்கு ஆறு லட்சம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளச் சொல்லி இன்சூரன்ஸ் ஆள் அக்காவை நச்சரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எதிலும் கையெழுத்து வேண்டாம் சகோ. நீங்கள் சொன்ன கணக்கையே போடுவோம்: வயது 38, சொந்தத் தையல் கடை, மாதம் 15,000, நம்பியிருப்பது அக்கா, இரண்டு பிள்ளைகள், அத்தானின் அம்மா, எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து, 12 மாதத்தால் பெருக்கி, அந்த வயதுக்குரிய பெருக்கெண்ணான 15-ஆல் மறுபடி பெருக்கினால் 28,35,000 வருகிறது. உச்ச நீதிமன்றம் 2009, 2017 தீர்ப்புகளில் வகுத்த முறைதான் இது. வருமானத்தில்தான் இழுபறி வரும், பேங்க் பாஸ்புக், அளவு எழுதிய நோட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், அக்கா குடியிருக்கும் ஊரின் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, காரியம் முடிந்த கையோடு வக்கீலைப் பாருங்கள்.