வட்டார ஆங்கிலங்களில் இளைஞர்கள் புதுச் சொற்களை எப்படி உருவாக்குகிறார்கள்?

பெரும்பாலும் ஒன்றுமில்லாததிலிருந்து அல்ல. தங்கள் ஊர் ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருக்கும் அச்சில்தான் வார்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆஸ்திரேலியா. அங்கே சொல்லின் வாலை நறுக்கி 'ஓ' அல்லது 'ஈ' ஒலியை ஒட்டுவது பழைய வழக்கம்: ஆஃப்டர்நூன் 'ஆர்வோ' ஆகும், பார்பெக்யூ 'பார்பி' ஆகும். 'செல்ஃபி'யும் இதே வார்ப்புதான். இதுவரை தெரிந்த அதன் முதல் பதிவு, 2002-இல் ஓர் ஆஸ்திரேலிய இளைஞர் எழுதியது. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தன.

இன்னொரு வழி, பக்கத்து மொழியிலிருந்து எடுப்பது. நைஜீரிய இளைஞர்கள் தப்பியோடுவதைக் குறிக்கும் 'ஜாப்பா' என்ற யோருபாச் சொல்லை, வெளிநாட்டுக்குக் குடிபெயர்வதற்கு ஆங்கிலத்தில் பயன்படுத்துகிறார்கள்.

லண்டனில் நடப்பது இன்னும் ஆழமானது. பல நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே தெருவில் வளர்வதால், சொல்லோடு இலக்கணமும் கைமாறுகிறது. ஜமைக்கா கிரியோலில், அதாவது ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த ஜமைக்கா மக்களின் மொழியில், 'டெம்' என்பது தமிழின் 'கள்' போலப் பன்மை காட்டும். அதை ஒட்டித்தான் நண்பர் கூட்டத்தைக் குறிக்கும் 'மேன்டெம்' வந்தது. இதைக் கொச்சை என்று ஒதுக்குவது தவறு. அதற்கும் விதி இருக்கிறது, அதைப் பேசுபவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.